தபால்வழிச் சதுரங்கம்

சதுரங்கம் ஆடுவதற்கு ஒரு பலகையும் இரண்டு பேரும் வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும், அவ்விருவரும் ஒரே அறையில் இருத்தல் வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. வெள்ளவத்தையில் ஒருவர் பலகையை விரித்து வைத்திருக்க, அவருடன் ஆடுபவர் அவுஸ்திரேலியாவிலோ ஜேர்மனியிலோ அதே நிலையில் காய்கள் வைக்கப்பட்ட மற்றொரு பலகையின்முன் அமர்ந்திருக்கலாம். இருவருக்கும் இடையே போய்வருவது ஓர் அஞ்சலட்டை. ஓர் அட்டைக்கு ஒரு நகர்த்தல். இதுவே தபால்வழிச் சதுரங்கம்.

இது புதிய பழக்கமன்று. 1824ஆம் ஆண்டிலே எடின்பரோ நகரத்துச் சதுரங்கக் கழகமும் இலண்டன் கழகமும் கடிதமூலம் ஆடத் தொடங்கின. 1828இல் எடின்பரோ வென்றது. 1951இல் சர்வதேசத் தபால்வழிச் சதுரங்கச் சம்மேளனம் தோன்றிற்று. இத்துறையின் முதலாவது உலக வெற்றிவீரர் என்னும் பட்டத்தை 1953இல் பெற்றவர் அவுஸ்திரேலியரான செசில் பேடி என்பவர்.

ஒருவர் மொழியை மற்றவர் அறியாதபோது ஆட்டம் நடப்பது எவ்வாறு? இதற்கு எண்களே துணை. வெள்ளைக் காய்களை ஆடுபவரின் இடப்புறத்திலிருந்து நெடுவரிசைகளுக்கு 1 முதல் 8 வரையும், அவர் பக்கத்திலிருந்து குறுக்கு வரிசைகளுக்கு 1 முதல் 8 வரையும் எண் கொடுக்கப்படும். அரசனுக்கு முன்னுள்ள காலாளை இரு கட்டம் முன்னே நகர்த்துபவர், 5254 என்று எழுதினால் போதும். ஐந்தாம் நெடுவரிசையின் இரண்டாம் கட்டத்திலிருந்து நான்காம் கட்டத்துக்கு என்பது அதன் பொருள். தமிழரும் உருசியரும் இதனை ஒன்றுபோல் விளங்கிக்கொள்வர்.

அட்டை கிடைத்த தேதியையும் பதில் அனுப்பிய தேதியையும் ஆடுபவர் குறித்தல் வேண்டும். பத்து நகர்த்தல்களுக்கு முப்பது நாள் என்பது அட்டை ஆட்டத்துக்குச் சம்மேளனத்தின் வழக்கமான விதியாக இருந்தது. அட்டை வழியிலே கழித்த நாட்கள் இக்கணக்கிற் சேரமாட்டா. ஆதலால், ஓர் ஆட்டம் முடிய இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் செல்வதுண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இத்தகைய குறியீடுகள் இரகசியச் செய்தியாக இருக்கலாம் என்று தணிக்கையாளர்கள் ஐயுற்றதும், அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டவருடன் தபாலில் ஆடுவது தடுக்கப்பட்டதும் வியப்பன்று.

சதுரங்கத்தைப் பின்பற்றி வேறு ஆட்டங்களும் தபாலேறின. முதலாம் உலகப் போருக்கு முந்திய ஐரோப்பாவின் ஏழு வல்லரசுகளாக ஏழு பேர் ஆடும் ‘டிப்ளோமசி’ என்னும் ஆட்டம், 1963 முதல் அமெரிக்காவில் தபால்மூலம் நடந்தது. எழுவரும் தம்முள் கடிதம் எழுதி உடன்படிக்கை செய்வர், அதனை மீறியும் நடப்பர். அவர்கள் அனுப்பும் கட்டளைகளைத் தொகுத்து முடிவை அறிவிக்க ஒரு நடுவர் இருப்பார். 1970இல் ரிக் லூமிஸ் என்பவர் தொடங்கிய நிறுவனம், அந்த நடுவர் வேலையைக் கணினியிடம் ஒப்படைத்து, கட்டணம் பெற்று ஆட்டங்களை நடத்திற்று.

தபாலை எதிர்பார்த்திருக்கும் வாழ்வு கொழும்புத் தமிழருக்குப் புதியதன்று. வெள்ளவத்தையைக் கொழும்பு 6 என்றும் கொட்டாஞ்சேனையைக் கொழும்பு 13 என்றும் வழங்குகிறோமே, அவ்வெண்கள் தபால் வட்டார எண்களே. யுத்தகாலத்தில் வடக்கிலிருந்து வந்து இப்பகுதிகளின் விடுதிகளிலே தங்கி, வெளிநாட்டு உறவினரின் கடிதத்துக்கும் விசாவுக்கும் காத்திருந்தோர் பலர். பின்னர் காலி வீதியின் தொலைபேசி நிலையங்கள் கடிதத்தின் இடத்தைப் பிடித்தன. அவற்றின் இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்தது.

ஆட்டத்திலும் அதுவே நிகழ்ந்தது. 1990களில் அட்டையின் வேலையை மின்னஞ்சல் ஏற்றது. 2004இல் சம்மேளனம் இணையவழி ஆட்டத்துக்கெனத் தனி ஏற்பாடு செய்தது. இன்று முத்திரைச் செலவில்லை. வழியிலே தொலையும் அட்டையுமில்லை. நாட்கணக்கையும் கணினியே வைத்துக்கொள்வதால் அதுபற்றிய சச்சரவும் இல்லை.

ஆயினும், தாமதத்தைப் போக்கிய கணினி வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. 1997இல் ‘டீப் புளூ’ என்னும் இயந்திரம் உலக வெற்றிவீரர் காஸ்பரோவைத் தோற்கடித்தது. இன்றோ சாதாரணக் கைத்தொலைபேசியில் இயங்கும் நிரல்கூட எந்த மனிதரையும் விஞ்சி ஆடும். வீட்டுக்குள் நடப்பதைச் சோதிக்க வழியில்லாமையால், சம்மேளனம் இயந்திரத் துணையை அனுமதிக்கிறது. அதன் விளைவாக உயர்நிலை ஆட்டங்களில் பெரும்பாலானவை வெற்றி தோல்வியின்றி முடிகின்றன. டிப்ளோமசியும் தப்பவில்லை. 2022இல் ‘சிசரோ’ என்னும் நிரல், மனிதருடன் எழுத்திலே பேரம் பேசி அவ்வாட்டத்தைத் திறமையாக ஆடிற்று.

அவ்வாறாயின் இந்த ஆட்டத்தின் காலம் முடிந்துவிட்டதா? பழைய முறையைச் சற்று எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். அட்டைக் காலத்திலும் நகர்த்தலை யோசித்தவர் அவரா, அவருடைய கெட்டிக்கார நண்பரா என்று எதிராளி அறிய வழியில்லை. தேதியை உண்மையாகக் குறித்தாரா என்பதும் பெரும்பாலும் அவர் நேர்மையைப் பொறுத்ததே. காணாத ஒருவருடைய சொல்லை நம்பியே இரண்டு ஆண்டுகள் ஆடினார்கள். சம்மேளனம் ‘நாம் நண்பர்கள்’ என்னும் பொருள்படும் இலத்தீன் வாசகத்தைத் தன் குறிக்கோளாகக் கொண்டதும் இதனாற்போலும். இயந்திரத்தைத் தொடுவதில்லை என்று இருவர் தமக்குள் உடன்பட்டு ஆடும்போது, அதே நம்பிக்கைதான் மீண்டும் நடுவராக அமர்கிறது.

பட்டத்துக்காக ஆடுவோருக்கு இது போதாமலிருக்கலாம். உறவுக்காக ஆடுவோருக்குப் போதும். கொட்டாஞ்சேனையில் காலை ஏழு மணியாகும்போது ரொறன்ரோவில் முந்திய நாள் இரவு. ஒருவர் விழிக்க மற்றவர் உறங்கச் செல்வார். எதிரெதிரே அமர்ந்ததுபோல் ஒரே நேரத்தில் ஆட இது தோதானதன்று. நாளொன்றுக்கு ஒரு நகர்த்தல் என்றால், இங்குள்ள பாட்டனாரும் அங்குள்ள பேரனும் அவரவர்க்கு ஓய்வான நேரத்தில் ஆடலாம். முன்னாளில் அட்டையில் எண்களுக்குக் கீழே எஞ்சிய இடத்தில், மழை பெய்ததையும் வீட்டில் காய்ச்சல் கண்டதையும் எழுதுவார்கள். மின்செய்தியிலும் அதற்கு இடம் உண்டு.