பழத்தை விடுங்கள், பொட்டலத்தைப் பிடியுங்கள்

மே மாதம். பங்கனப்பள்ளி ஒரு பெட்டி வீட்டுக்கு வருகிறது. மேல் வரிசையை எடுத்ததும் வைக்கோலுக்கு நடுவே செய்தித்தாளில் மடித்த சின்னப் பொட்டலம். உள்ளே சாம்பல் நிறக் கல், ஓரத்தில் சுண்ணாம்பாய் உதிர்ந்த தூள், மூக்கில் ஏறும் பூண்டு நாற்றம். அடுத்து நடப்பது எல்லா வீட்டிலும் ஒன்றுதான். பொட்டலம் குப்பைக்கூடைக்கு, பழம் கழுவித் தட்டுக்கு. கொஞ்சம் விவரமானவர் பழத்தை அறுத்துப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார். கையில் கிடைத்த ஒரே சாட்சியம் அதற்குள் குப்பை வண்டியில் ஏறியிருக்கும்.

பழுக்க வைப்பது எத்திலின் என்ற வாயு. செடியே சுரக்கும் ஹார்மோன். முற்றிய காயில் இது கூடும்போது மாவுச்சத்து சர்க்கரையாகிறது, தோலின் பச்சை மறைகிறது, சதை இளகுகிறது. ஒரு பழம் விடும் எத்திலின் பக்கத்துக் காயையும் எழுப்பிவிடும். அரிசிப் பானையில் மாங்காயைப் புதைத்த பாட்டி செய்தது, அந்த வாயு கலைந்து போகாமல் அடைத்ததுதான்.

கல் வேறு கதை. கால்சியம் கார்பைடில் ஈரம் பட்டால் வருவது அசிட்டிலின். எத்திலின் போல நடிக்கும். முற்றாத காய்க்கும் மஞ்சள் பூசிவிடும், உள்ளே புளிக்கும். வெல்டிங் பட்டறைக்கான அந்தக் கல்லில் ஆர்சனிக்கும் பாஸ்பரசும் கலந்திருப்பதுதான் பெரிய ஆபத்து. 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 2.3.5 விதி இப்படிப் பழுத்த பழத்தை விற்பதை மட்டுமல்ல, விற்பதற்காகக் கடையில் வைத்திருப்பதையும் தடை செய்கிறது. எத்திலின் வாயுவுக்கோ, அறையில் 10 லட்சத்தில் 100 பங்கு வரை அனுமதி உண்டு. ஆனால் எத்திலின் பொட்டலம் பழத்தைத் தொடக்கூடாது. எத்திஃபான் என்ற ரசாயனக் கரைசலில் பழத்தை முக்கவும் கூடாது. எல்லாவற்றையும் 'மருந்து வைத்த பழம்' என்று ஒரே மூட்டையில் கட்டினால் புகார் நிற்காது.

பழத்தை அறுத்துப் பார்த்துக் கார்பைடைக் கண்டுபிடிக்க முடியாது. தண்ணீரில் மிதந்தால் கல் வைத்தது என்று சுற்றும் சோதனையும் சாட்சியம் ஆகாது. கிடங்கிலோ பழப்பெட்டியிலோ கார்பைடு இருந்தாலே அதைச் சூழ்நிலைச் சாட்சியமாகக் கொண்டு வழக்குத் தொடரலாம் என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் சொல்லியிருக்கிறது. எனவே பொட்டலத்தை எறியாதீர்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். கிளம்பும் வாயு தீப்பிடிக்கும். பெட்டியோடு காற்றாடும் உலர்ந்த இடத்தில், அடுப்புக்கும் குழந்தைகளுக்கும் எட்டாமல் வையுங்கள். பெட்டி, பொட்டலம், பில் மூன்றும் தெரியும்படி படமெடுங்கள். பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கவேண்டும் என்பது 2022 ஜனவரியிலிருந்து கட்டாயம். நடைபாதைக் கடையில் பில் கிடைக்காது. அங்கே கடை இருக்கும் இடத்தையும் வாங்கிய நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. குழுவுக்கு அனுப்பும் படத்தை இங்கே அனுப்புங்கள். கூடவே மாவட்ட நியமன அலுவலருக்கு எழுத்தில் ஒரு மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைக் கேட்டு வாங்குங்கள். கேட்காமல் தரமாட்டார்கள்.

பழத்தை நீங்களே ஆய்வுக்குக் கொடுக்க 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு இடம் தருகிறது. கட்டணம் உங்களுடையது, பழம் சட்டத்துக்குப் பொருந்தவில்லை என்று ஆய்வறிக்கை சொன்னால் திரும்பக் கிடைக்கும். பலர் கோட்டைவிடுவது ஒரு நிபந்தனையில்: ஆய்வுக்குக் கொடுக்கப்போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்கவேண்டும். வீட்டுக்கு வந்தபின் தோன்றிய யோசனைக்கு இந்தப் பிரிவு உதவாது. பொட்டலம்தான் உதவும். அதை எறியாதீர்கள்.

அதிகாரிகளுக்கு மாம்பழ சீசனில்தான் கார்பைடு நினைவு வருகிறது. டன் கணக்கில் அழித்த படம் நாளிதழில் வந்ததும் சோதனை ஓய்ந்துவிடும். வாழையும் பப்பாளியும் சப்போட்டாவும் வருஷம் முழுக்க விற்கின்றன. நவம்பரில் கண்ணில் பட்ட பொட்டலத்துக்கும் அதே எண்தான், அதே மனுதான்.