பவுடர் டப்பாவா, பொட்டுக்கடலையா?

நோயாளிக்கு எந்தச் சத்துப் பவுடரை எழுதிக்கொடுப்பது என்று உணவியல் நிபுணர் முடிவெடுக்கும்போது சத்துக் கணக்கு மட்டும் போதாது. வாங்கப்போவது யார் பணத்தில், விற்பனையால் யாருக்கு லாபம் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

யார் பணம் என்ற கேள்விக்குக் காசநோயாளிகள் நல்ல உதாரணம். தாம்பரம் சானடோரியத்தில் டாக்டர் சௌரி முத்து 1928இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனை இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இயங்குகிறது. காசநோயும் எடைக்குறைவும் சேர்ந்தே வருபவை. அதனால்தான் மத்திய அரசின் நிக்ஷய் போஷண் திட்டத்தில் நோயாளிக்கு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் உணவுக்காக வழங்கப்படுகிறது. விளம்பரத்தில் வரும் பவுடர் டப்பா ஒன்றிரண்டு வாங்கினால் அந்தத் தொகையில் பெரும்பகுதி போய்விடும். முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. 100 கிராம் பொட்டுக்கடலையில் சுமார் 20 கிராம். சென்னையின் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்று ஜார்க்கண்டில் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. நோயாளியோடு குடும்பத்தாரும் அரிசி, பருப்பு, வைட்டமின் மாத்திரை பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. கொடுத்தது பெரும்பாலும் மளிகைக்கடைச் சரக்குதான்.

இதனால் டப்பாவே கூடாது என்று ஆகிவிடாது. மூக்குக் குழாய் வழியாக உணவு பெறுபவருக்கு மிக்சியில் அரைத்த கஞ்சி குழாயை அடைக்கலாம், கிருமி சேரலாம், அளவும் நாளுக்கு நாள் மாறும். தீவிர சிகிச்சைப் பிரிவில் தயார்நிலைப் பவுடரே பாதுகாப்பு. அதே நோயாளி குரோம்பேட்டையிலோ மேடவாக்கத்திலோ உள்ள வீட்டுக்குத் திரும்பியபின் குடும்பத்தால் அந்தச் செலவைத் தாங்க முடியுமா என்று கேட்டு, முடியாதென்றால் சுத்தமாக அரைக்கவும் வடிகட்டவும் கற்றுக்கொடுப்பதும் உணவியல் நிபுணரின் வேலைதான்.

சிக்கல் தொடங்குவது கம்பெனி பிரதிநிதி வரும்போது. இலவச சாம்பிள், கமிஷன், கருத்தரங்குச் செலவு, மருத்துவமனையின் சொந்த மருந்துக்கடை விற்பனை எல்லாம் பரிந்துரையைச் சாய்க்கக்கூடியவை. கெட்ட எண்ணம்கூட வேண்டாம். மேஜையில் இருக்கும் டப்பாவின் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உணவுக்குச் சட்டமே காவல் இருக்கிறது: 1992இல் வந்து 2003இல் திருத்தப்பட்ட குழந்தைப்பால் மாற்று உணவுச் சட்டம், அத்தகைய உணவு தயாரிக்கும் நிறுவனங்கள் மருத்துவப் பணியாளருக்குப் பரிசு தருவதையும் கருத்தரங்குக்குப் பணம் கொடுப்பதையும் தடை செய்கிறது. பெரியவர்களுக்கான பவுடருக்கு இவ்வளவு கறாரான தனிச்சட்டம் இல்லை. அங்கே நிபுணரின் மனசாட்சிதான் வேலி. கொள்முதல் குழுவில் இருப்பவர் ஒரு நிறுவனத்திடம் பணமோ சலுகையோ பெற்றிருந்தால், அதைச் சொல்லிவிட்டு அந்த முடிவிலிருந்து விலகிக்கொள்வதே முறை.

லேபிளையும் சும்மா நம்பிவிட முடியாது. சேர்மானங்கள் எடை வரிசைப்படி அச்சிடப்பட வேண்டும். மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்தோ சர்க்கரையோ முதலில் நின்றால் டப்பாவில் அதுதான் அதிகம். இந்தியாவில் விற்கும் 36 புரதப் பவுடர்களைச் சோதித்து 2024இல் வெளியான ஆய்வில், சுமார் 70 சதவீதத்தில் புரத அளவு லேபிளோடு ஒத்துப்போகவில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண் தயாரிப்பாளருக்கு உரிமம் உண்டு என்பதைத்தான் சொல்லும். நோயாளிக்குப் பொருந்துமா என்பதை அல்ல. சப்ளையரிடம் பில், பேட்ச் எண், காலாவதி தேதி ஆகியவற்றோடு, சென்னை வெயிலில் சரக்கு எங்கே அடுக்கப்பட்டிருந்தது என்றும் கேட்பது நல்லது.

பரிந்துரைச் சீட்டில் பெரும்பாலும் விடுபடுவது நிறுத்த வேண்டிய நாள். எடை ஏறியதும் சோறும் பருப்பும் போதும் என்று எழுதாவிட்டால், குடும்பம் மாதக்கணக்கில் டப்பா வாங்கிக்கொண்டே இருக்கும்.