பழைய காருக்குப் புதிய கார்புரேட்டர்: வாங்குமுன் எழுத வேண்டிய கடிதம்

இங்கிலாந்தில் ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை உற்பத்தியாகி, இன்றும் பலரால் பிரியத்துடன் பராமரிக்கப்பட்டுவரும் எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரின் இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர்கள் தேய்ந்துபோன காலத்தில், மாற்றாக எதை வாங்கினால் குதிரைத்திறன் கூடும் என்று மணிக்கணக்கில் விவாதிக்கும் உரிமையாளர்கள், அதிலுள்ள அபாயத்தையும் சட்டம் தங்களுக்கு அளித்துள்ள பாதுகாப்பையும் குறித்து அநேகமாக விசாரிப்பதே இல்லை என்பது மிகுந்த விசனத்துக்குரியது.

அக்காரின் 1798 சி.சி. எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை உட்செல்லும் வழியும் புகை வெளியேறும் வழியும் ஒரே பக்கத்தில் அமைந்திருப்பதால், கார்புரேட்டரின் மிதவை அறையிலுள்ள ஊசி வால்வு சரிவர அடையாமலோ, புதிதாகப் போட்ட பம்பின் அழுத்தம் அளவுக்கு மிஞ்சியோ பெட்ரோல் வழியுமானால், அது கீழேயுள்ள, கொதிக்கும் புகைக்குழாயின் மீதே சொட்டக்கூடும். அவ்வாறு வழிவதைத் தரைக்கே கொண்டுசெல்லும் பொருட்டு ஆதியில் வைத்த சிறு குழாய்களை அநாவசியமென்று கழற்றிவிடுவது தீயை வலிய அழைப்பதாகும். 2021 செப்டம்பர் முதல் அந்நாட்டுச் சாதாரண பெட்ரோலில் 10 சதவிகிதம் வரை எத்தனால் கலக்கப்படுவதால், பழைய ரப்பர் குழாய்களையும் கூடவே மாற்றுதல் அவசியம். எஞ்சினுக்குள் செல்லும் கலவையில் பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் வால்வு கருகும். மிகுந்தால் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெய்ப் படலம் கழுவப்பட்டுத் தேய்மானம் விரையும்.

பந்தயத்துக்குப் பிரசித்தி பெற்ற வெபர் 45 டி.சி.ஓ.இ. கார்புரேட்டரை, மாற்றம் ஏதும் செய்யாத எஞ்சினில் பொருத்துவதைக் காட்டிலும், பழைய எஸ்.யு.வின் த்ராட்டில் அச்சையும் புஷ்களையும் புதுப்பித்து, எஞ்சினுக்குரிய கலவை ஊசியைப் போடுவதே சாலையில் ஓட்டுவோருக்கு உத்தமம் என்பது என் அபிப்பிராயம். வெபரே வேண்டுமென்போர், அதன் பெயரில் போலிகளும் விற்பனையாகின்றன என்பதை மறத்தலாகாது.

இங்கிலாந்தில் அமலிலுள்ள 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வியாபாரி விற்கும் பொருள் திருப்திகரமான தரமுடையதாகவும், அவர் வர்ணித்தபடியும் இருப்பதோடு, வாங்குபவர் முன்கூட்டியே தெரிவித்த குறிப்பிட்ட உபயோகத்துக்கும் தக்கதாக இருத்தல் வேண்டும். பழுதுள்ள பொருளை 30 நாட்களுக்குள் நிராகரித்து முழுத் தொகையையும் பெறலாம். அதன்பின், செப்பனிடவோ மாற்றித்தரவோ வியாபாரிக்கு ஒரு வாய்ப்பளித்து, அதுவும் பயனற்றுப்போனால் விலைக்குறைப்பையோ நிராகரிப்பையோ கோரலாம். இணையத்தில் வாங்கியதைப் பொதுவாகக் காரணம் கூறாமலே, கைக்கு வந்த 14 நாட்களுக்குள் ரத்துச் செய்யலாம். 100 பவுனுக்கு மேற்பட்ட பொருளைக் கடன் அட்டையில் வாங்கியிருந்தால் அட்டை நிறுவனமும் பொறுப்பாளியே. தனிநபரிடம் வாங்கினாலோ, பொருள் அவர் வர்ணித்தபடி இல்லை என்பதைத் தவிர வேறு முறையீட்டுக்கு அதிக இடமில்லை. காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தைத் தெரிவிக்காவிடில், விபத்துக்குப் பின் இழப்பீடு மறுக்கப்படவும் கூடும்.

ஆகவே, பணம் கொடுப்பதற்கு முன்பே, காரின் ஆண்டு, எஞ்சின் எண், கேம்ஷாஃப்டிலும் புகைக்குழாயிலும் செய்த மாற்றங்கள் யாவற்றையும் எழுதி, இதற்கு இந்தக் கார்புரேட்டர் பொருந்துமா என்று வியாபாரியிடம் கேட்டு, அவர் தரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். இங்கிலாந்தில் 10,000 பவுன் வரையிலான பிணக்குகளை விசாரிக்கும் சிறு வழக்கு நீதிமுறையில், உங்கள் கட்சிக்கு அதுவே முதல் சாட்சியம்.