பனிப்பாலையில் ஓர் உடன்போக்கு

பாலைத்திணைப் பாடல்களைக் கற்பிக்கும்போது மாணாக்கர் நெஞ்சை முதலிற் கவர்வது செவிலித்தாயின் துயரே. வீட்டு முற்றத்தில் விளையாடித் திரிந்த மகள் கொடிய சுரத்தை எங்ஙனம் கடப்பாளோ என அவள் ஏங்குவாள். மகள் போவாள், வளர்த்தோர் வீட்டிலிருந்து வருந்துவர். அதுவே அவ்வுலகின் மரபு. பெற்ற தந்தையே மகளுடன் சுரம் கடந்த செய்தியொன்று நம் காலத்தில் நிகழ்ந்துள்ளது. அச்சுரம் வெயில் காய்ந்த பாலை அன்று. பனி உறைந்த பாலை.

அவுஸ்திரேலியாவின் மெல்போண் நகரைச் சேர்ந்த ஜேட் ஹமைஸ்டர் 2001ஆம் ஆண்டு பிறந்தவள். அவள் தந்தை போல் ஹமைஸ்டர் தேர்ந்த மலையேறி. பன்னிரண்டாம் வயதில் எவறெஸ்ற் மலையின் அடிவார முகாம்வரை நடந்த அச்சிறுமி, அடுத்துத் துருவங்களை நாடினாள். நெடிய ஒடுங்கிய சறுக்குப் பலகைகளைக் காலிற் பூட்டி, உணவும் உடைமையும் ஏற்றிய சில்லில்லா வண்டியை உடலோடு பிணைத்து இழுத்துச் செல்லும் பயணம் அது.

2016 ஏப்பிரலில், பதினான்கு வயதில், ஏறத்தாழ 150 கிலோ மீற்றர் கடந்து வடதுருவம் அடைந்தாள். அங்கே நிலம் இல்லை. ஏறக்குறைய 4000 மீற்றர் ஆழமுள்ள கடலின்மேல் மிதக்கும் பனிப்பரப்பே வழி. அது பிளக்கும், பிளவுகளிற் கருநீர் தோன்றும், காற்றும் நீரோட்டமும் அதனை நகர்த்தும். பகலெல்லாம் முன்னேறியோர் உறங்கி எழும்போது பின்னே தள்ளப்பட்டிருத்தலும் உண்டு.

2017இல் கிறீன்லாந்தின் பனிமுகட்டை ஏறத்தாழ 550 கிலோ மீற்றர் குறுக்காகக் கடந்தாள். பின்னர் அந்தாட்டிக்காவின் கரையிலிருந்து புறப்பட்டு, 37 நாட்களில் ஏறத்தாழ 600 கிலோ மீற்றர் சென்று, 2018 ஜனவரியில் தென்துருவம் எய்தினாள். அப்போது வயது பதினாறு. அத்துருவம் கடல்மட்டத்திற்கு மேல் 2835 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே புதுப்பனி மிக அருகியே பொழிவதால் நிலநூலாரும் அதனைப் பாலை என்றே வகுப்பர். மூன்று பயணங்களிலும் தந்தை உடன் சென்றார்.

இங்கு ஒரு வினா எழும். பெற்ற பிள்ளையை இத்தகைய இடருள் அழைத்துச் செல்லுதல் தகுமா? 1912இல் தென்துருவம் கண்ட ஸ்கொற், மீளும் வழியிலே தோழர்களுடன் மாண்டார். அப்போது இங்கிலாந்தில் இருந்த அவர் மகனுக்கு வயது இரண்டு. தந்தையரைப் பறித்த அப்பனிவெளிக்குப் பிள்ளையும் செல்வதை எண்ணி அஞ்சுதல் இயல்பே. அவ்வச்சத்தை யாம் இகழோம்.

ஆயினும் அத்தந்தை செய்தது யாது என்பதையும் நோக்குதல் வேண்டும். குறுகிய வழி முதலிலும் நெடிய வழி இறுதியிலுமாகப் பயணங்கள் அமைந்தன. தேர்ந்த வழிகாட்டியர் உடன் இருந்தனர். இவை காவல். காவலுக்கு அப்பாற்பட்டதும் ஒன்றுண்டு. பனிவெளியில் விரைந்து நடந்தால் உடல் வியர்க்கும். நின்றவுடன் அவ்வியர்வை உறையும். விரல் மரத்துப் போவதை அவ்விரலுக்கு உரியவரே முதலில் உணர்ந்து சொல்லல் வேண்டும். மகளுக்காகத் தந்தை குளிர இயலாது. தன் சுமையை அவள்தானே இழுத்தாள். அவர் அருகே நடந்தார். ஏடு தொடக்கும் நாளில் குழந்தையின் கைபிடித்து எழுதுவிக்கின்றோம். அக்கையை எப்போது விடுவது என்பதை அறிதலே ஆசிரியத் தொழிலின் அருமை. தந்தைமைக்கும் அஃதே பொருந்தும்.

வடதுருவம் கண்டு மீண்டபின் அவள் மேடையேறிப் பேசினாள். அப்பேச்சைக் கேட்ட ஆடவர் சிலர், தமக்கு ஒரு சான்ட்விச் செய்து தருமாறு எழுதி எள்ளினர். பெண்ணுக்கு உரிய இடம் அடுக்களை என்பது அதன் குறிப்பு. அவள் அப்போது வாதாடினாளல்லள். தென்துருவம் அடைந்தபின், பாண் துண்டுகளிடையே இறைச்சியும் பாற்கட்டியும் வைத்த சான்ட்விச் ஒன்றைத் தட்டில் ஏந்திப் படமெடுத்து உலகுக்குக் காட்டினாள். சான்ட்விச் ஆயத்தமாக உள்ளது. 37 நாள் நடந்து வந்தால் உண்ணலாம் என்பதே அவள் அனுப்பிய மறுமொழி.

அடுத்த முறை செவிலியின் புலம்பலைக் கற்பிக்கும்போது, இப்பெண்ணின் கதையையும் மாணவியர்க்குச் சொல்ல எண்ணியுள்ளேன். செவிலி அஞ்சியது பிழையன்று. மகள் நடந்ததும் பிழையன்று.