மூங்கில் முதுகு வில்

வில் என்றதும் இராமனும் அருச்சுனனும் நினைவுக்கு வருவர். இன்றும் தேசிய வில்வித்தைப் போட்டிகளில் ‘இந்தியச் சுற்று’ மூங்கில் வில்லால்தான் நடைபெறுகிறது.

வில்லை வளைக்கும்போது இலக்கை நோக்கிய முதுகு நீள்கிறது. நம்மை நோக்கிய வயிறு அமுங்குகிறது. மூங்கிலின் நார்கள் புறத்தோலையொட்டிச் செறிந்திருப்பதால் முதுகின் இழுவிசையை அது தாங்கும். வயிற்றுக்கு வைரம் பாய்ந்த மரம் வேண்டும். திருச்சுழிக் கரிசலில் அதற்குக் கருவேல் இருக்கிறது. கலப்பைக்கு உதவும் மரமல்லவா! இரண்டையும் வச்சிரப் பசையால் ஒட்டி, கயிற்றால் இறுகக் கட்டி, நன்கு உலரவிட வேண்டும்.

பிறகுதான் பொறுமைக்குச் சோதனை. சிறிது சிறிதாக வளைத்துப் பார்த்து, எங்கே விறைப்போ அங்கே மரப்பக்கத்தை மட்டும் கண்ணாடிச் சில்லால் சுரண்ட வேண்டும். நானோ அழகு கருதி, மூங்கில் கணுவொன்றை இழைப்புளியால் தட்டையாக்கிவிட்டேன். கணுவில் நார் மேடேறிச் செல்கிறது; மேட்டைச் சீவினால் நாரும் அறும். மூன்றாம் நாள் அவ்விடத்தில் சிலாம்பு எழும்பிற்று.

சிலாம்பின் அடியில் பசை செலுத்தி, அருப்புக்கோட்டைத் தறிநூலை இழையோடு இழை நெருங்கச் சுற்றினேன். வில் பிழைத்தது. வயிற்றில் குறுக்கே மடிப்புக்கோடு விழுந்திருந்தால் எந்த நூலும் உதவாது. அங்கே நார் நசுங்கிவிட்டது என்று பொருள். எய்து முடித்ததும் நாணைக் கழற்றிவிடுகிறேன். முன்போல் காதுவரை இழுப்பதுமில்லை.