வளிமண்டல மறுபகுப்பாய்வுத் தரவுகள்: இயல்பும் பயன்பாட்டு நெறிகளும்

1. முன்னுரை

2005ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 26ஆம் நாள் காலை தொடங்கி 24 மணி நேரத்தில் மும்பை சாந்தாகுரூசு வானிலை நிலையத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அதே நகரின் தென்முனையிலுள்ள கொலாபா நிலையத்தில் அதே காலத்தில் பதிவானது ஏறத்தாழ 73 மில்லிமீட்டரே. இவ்விரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு 30 கிலோமீட்டருக்கும் குறைவு. அந்நாளின் மழையை மறுபகுப்பாய்வுத் தரவின்வழி மட்டும் அறிய முற்படும் ஆய்வாளர், சாந்தாகுரூசின் அளவை அங்குக் காண்பது அரிது. அத்தரவைக் கொண்டே நகர வடிகாலும் அணையும் பயிர்க் காப்பீடும் திட்டமிடப்படுமாயின், பிழையின் விளைவு தாளோடு நின்றுவிடாது. எனவே இத்தரவு எவ்வாறு உருவாகிறது, அதில் எதனை எவ்வளவு நம்பலாம் என்பனவற்றை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. மறுபகுப்பாய்வு – விளக்கம்

வானிலை முன்னறிவிப்பு மையங்கள் நாள்தோறும் வளிமண்டலத்தின் நிலையைக் கணிக்கின்றன. நில நிலையங்கள், கப்பல்கள், விமானங்கள், பலூன்வழி மேலே செல்லும் கருவிகள், செயற்கைக்கோள்கள் ஆகியவற்றின் அளவீடுகள் ஒருபுறம். இயற்பியல் விதிகளின்படி இயங்கும் கணினிப் படிமம் சில மணி நேரத்திற்கு முன்னர் தந்த கணிப்பு மறுபுறம். இரண்டும் அவற்றின் பிழையளவிற்கேற்ப எடையிடப்பட்டு இணைக்கப்படுகின்றன. இவ்வாறு கிடைக்கும் நிலைவிவரமே பகுப்பாய்வு எனப்படும்.

ஆனால் படிமங்கள் காலந்தோறும் திருத்தப்படுகின்றன. ஆகவே பழைய பகுப்பாய்வுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், படிமம் மாறியதால் தோன்றிய தாவல் காலநிலை மாறியதாகத் தோற்றமளிக்கும். இக்குறையைக் களைய, மாறாத ஒரே படிமத்தையும் ஒரே இணைப்பு முறையையும் கொண்டு பழைய அளவீடுகள் அனைத்தையும் மீண்டும் பகுத்தாய வேண்டும் என்னும் கருத்தை லெனார்ட் பெங்ட்சனும் இந்தியாவில் பிறந்த ஜகதீஷ் சுக்லாவும் 1988இல் முன்வைத்தனர். இதுவே மறுபகுப்பாய்வு.

இதனைச் சுவடிப் பதிப்போடு ஒப்பிடலாம். பல சுவடிகளை ஒப்புநோக்கி ஒரே நெறியில் ஒரு பாடத்தை நிறுவுவது போன்றது இது. சிதைந்த இடங்களைப் பதிப்பாசிரியர் ஊகத்தால் நிரப்புவது போல, அளவீடு இல்லாத இடங்களைப் படிமம் நிரப்புகிறது. வேறுபாடு ஒன்று உண்டு. நல்ல பதிப்பில் ஊகப் பாடம் அடைப்புக்குறியால் காட்டப்படும். மறுபகுப்பாய்வில் எல்லா எண்களும் ஒரே தோற்றத்துடன் நிற்கும். எது சான்று, எது ஊகம் எனப் பயன்படுத்துவோரே பிரித்தறிதல் வேண்டும்.

3. முதன்மையான தொகுப்புகள்

அமெரிக்காவின் என்.சி.இ.பி., என்.சி.ஏ.ஆர். நிறுவனங்கள் கூட்டாக உருவாக்கிய தொகுப்பு 1948 முதலான காலத்திற்கு, 2.5 பாகை இடைவெளியில், 6 மணிக்கு ஒருமுறை விவரங்களைத் தருவது. நிலநடுக்கோட்டருகே அவ்விடைவெளி ஏறத்தாழ 275 கிலோமீட்டர் ஆகும். ஐரோப்பிய மையத்தின் ஈ.ஆர்.ஏ.5 தொகுப்பு 1940 முதல் மணிக்கொருமுறை, ஏறத்தாழ 31 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்தது. இந்தியப் பகுதிக்கென நொய்டாவிலுள்ள தேசிய நடுத்தரக்கால வானிலை முன்னறிவிப்பு மையமும் இந்திய வானிலைத் துறையும் பிரித்தானிய வானிலை அலுவலகமும் இணைந்து உருவாக்கிய ஐ.எம்.டி.ஏ.ஏ. தொகுப்பு, 1979 முதலான காலத்திற்கு 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்துள்ளது.

4. மாறிகளின் நம்பகத்தன்மை

யூஜீனியா கால்னேயும் உடனாய்வாளர்களும் 1996இல் வெளியிட்ட கட்டுரையில் மாறிகளை வகைப்படுத்தினர். அவற்றுள் மூன்று வகைகள் இங்குக் கருதத்தக்கன.

அ) மேல்வளிமண்டலக் காற்று, வெப்பநிலை போன்றவை: இவற்றை அளவீடுகளே பெரிதும் நிர்ணயிக்கின்றன.

ஆ) ஈரப்பதம், தரைமட்ட வெப்பநிலை போன்றவை: இவற்றில் அளவீட்டின் பங்கோடு படிமத்தின் பங்கும் மிகுதி.

இ) மழை, ஆவியாதல், மேற்பரப்பு வெப்பப் பாய்வு போன்றவை: அத்தொகுப்பில் இவை முற்றிலும் படிமத்தின் விளைவுகள்.

பின்வந்த தொகுப்புகளில் முறைகள் செம்மையுற்றிருப்பினும், மழை பெரும்பாலும் படிமத்தின் கணிப்பே என்பது பொதுவாகப் பொருந்தும். மழைமானியின் அளவு ஒரு புள்ளிக்குரியது. கட்டத்தின் அளவு அப்பரப்பு முழுமைக்குமான சராசரி. மும்பை எடுத்துக்காட்டில் சாந்தாகுரூசின் உச்சம் மறைவதற்கு இவ்விரு காரணங்களும் உள்ளன.

5. பயன்பாட்டில் கருதத்தக்கன

முதலாவது, நேரம். தரவுகள் உலகப் பொது நேரத்தில் உள்ளன. இந்திய நேரம் அதனினும் 5 மணி 30 நிமிடம் முற்பட்டது. இந்திய வானிலைத் துறையின் மழைநாள் காலை 8.30 மணிக்கு, அதாவது பொது நேரம் 3 மணிக்கு முடிகிறது. ஈ.ஆர்.ஏ.5இல் ஒவ்வொரு மணிக்குரிய மழையும் அம்மணியோடு முடிந்த ஒரு மணி நேரத்தின் மழையாகும். ஆகவே முந்தைய நாள் 4 மணி முதல் அந்நாள் 3 மணி வரையிலான 24 மதிப்புகளைக் கூட்டினாலே நிலையப் பதிவோடு ஒப்பிட இயலும். நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை கூட்டினால் ஒரு நாளின் மழை மறுநாளுக்குச் சென்றுவிடும்.

இரண்டாவது, அலகு. ஈ.ஆர்.ஏ.5இல் மழை மீட்டரிலும் வெப்பநிலை கெல்வினிலும் தரப்படுகின்றன. புவியீர்ப்பு நிலைமதிப்பை 9.80665ஆல் வகுத்தாலன்றி உயரம் கிட்டாது.

மூன்றாவது, அளவீட்டு வலையமைப்பின் மாற்றம். படிமம் மாறாவிடினும் அளவீடுகள் மாறியுள்ளன. 1979ஐ ஒட்டிச் செயற்கைக்கோள் அளவீடுகள் பெருகின. அதற்கு முன்னர் இந்தியப் பெருங்கடலின் பெரும்பரப்பில் கப்பல் வழிகளைத் தவிரப் பிற இடங்களில் சான்றுகள் மிகக் குறைவு. எனவே 1979ஐக் கடந்து செல்லும் நெடுங்காலப் போக்குகளை உடனே பருவமழையின் மாற்றமாகக் கொள்ளலாகாது.

நான்காவது, ஒப்பீடு. ஒரே முடிவை இரண்டு மூன்று தொகுப்புகளில் சோதித்தல் நன்று. இந்திய மழையைப் பொறுத்தவரை, வானிலைத் துறை மழைமானிப் பதிவுகளிலிருந்து 1901 முதலான காலத்திற்கு 0.25 பாகை இடைவெளியில் தொகுத்துள்ள தரவு தனிச்சான்றாகப் பயன்படும்.

6. முடிவுரை

மறுபகுப்பாய்வு நேரடி அளவீடும் அன்று. வெறும் கற்பனையும் அன்று. சான்றுகளையும் இயற்பியலையும் இணைத்து நிறுவப்பட்ட ஒரு பாடம். பருவக்காற்றின் போக்கு, புயலின் சூழல், மேல்வளிமண்டல ஓட்டங்கள் ஆகியவற்றை அறிய இதனினும் முழுமையான கருவி அரிது. ஒரு தெருவில் பெய்த மழையை அறிய அது போதாது. அதற்கு அத்தெருவினருகே ஒரு மழைமானியும், அதனை நாள்தோறும் தவறாது பார்த்துப் பதிவு செய்வோரும் வேண்டும். மறுபகுப்பாய்வு வளர வளர நிலையப் பதிவேடுகளின் தேவை குறையும் என எண்ணுவது பிழை. சுவடிகள் அழிந்தால் பதிப்பைச் சரிபார்க்க வழியில்லை என்பது இங்கும் பொருந்தும்.