டூப்ளிகேட்டோட அசல் எது?

தொண்ணூறுகளில் செங்கல்பட்டில் எங்கள் தெருவுக்கே ஒரு டிவி கேம்தான். கேசட் மேல் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் மாரியோ, கான்ட்ரா என்று அதே பத்துப் பதினைந்து ஆட்டம்தான் சுத்திச் சுத்தி வரும். "டூப்ளிகேட்டுடா அது" என்பார் மாமா. எதோட டூப்ளிகேட்? அவருக்கும் தெரியாது.

அசல், நின்டெண்டோ 1983 ஜூலையில் ஜப்பானில் விற்க ஆரம்பித்த ஃபேமிகாம். அதன் மூளை ரிக்கோவின் 2ஏ03 சில்லு. அதற்குள் இருப்பதோ மாஸ் டெக்னாலஜி 1975-ல் கொண்டுவந்த 6502-இன் வடிவமைப்பு. தசமக் கணக்கு வசதி மட்டும் வேலை செய்யாது. தைவானின் யூஎம்சி இதைப் பார்த்து யூஏ6527 என்ற சில்லைச் செய்தது. அப்புறமென்ன, பெட்டியை யார் வேண்டுமானாலும் கட்டலாம். ரஷ்யாவில் 1992-ல் வந்த டென்டியும் இந்த வம்சம்தான்.

இதற்குத் தோதாக இருந்தது ஒரு பூட்டு இல்லாதது. 1985-ல் அமெரிக்காவுக்குப் போன என்இஎஸ்ஸில் பெட்டிக்குள் ஒன்று, கேசட்டுக்குள் ஒன்று என இரண்டு பூட்டுச் சில்லுகள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஆட்டம் ஓடாது, ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். ஃபேமிகாமில் அது கிடையாது. நாம் ஊதி ஊதிப் போட்ட கேசட்டுகள் அந்த ஜப்பான் வகை: 60 பின். என்இஎஸ்ஸுக்கு 72.

காப்பியடிப்பது அப்போதுதான் தொடங்கியது என்றும் சொல்ல முடியாது. 1972-ல் மேக்னவாக்ஸ் ஒடிசியில் டென்னிஸ் ஆட்டம் வந்தது. அதே வருடம் அட்டாரியின் பாங். மேக்னவாக்ஸ் 1974-ல் வழக்குப் போட்டது, 1976-ல் அட்டாரி உரிமம் வாங்கிச் சமரசம் ஆனது. அதே 1976-ல் ஜெனரல் இன்ஸ்ட்ரூமென்ட் அந்தப் பந்தாட்டத்தையே ஒரு சில்லில் அடக்கி, கேட்ட கம்பெனிக்கெல்லாம் விற்றது. கடையில் சில்லு கிடைத்தால் போட்டியாளர்கள் முளைத்துவிடுகிறார்கள்.

காப்பி இல்லாவிட்டால் எங்கள் தெருவுக்கு மாரியோ வந்திருக்க மாட்டான். உண்மைதான். ஆனால் திருட்டு கேசட்டுகள் பலவற்றில் முதல் திரையிலிருந்த கம்பெனி பெயரை அழித்திருப்பார்கள். மாரியோவை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவின் பெயர் எனக்குத் தெரிந்ததே வேலைக்குப் போன பிறகுதான்.

மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசில் ஒரு பூனை, தபசியைப் போலவே கையைத் தூக்கி நிற்கும், பார்த்திருப்பீர்கள். அது வேஷம் என்று சின்னப் பிள்ளைக்கும் புரியும், ஏனென்றால் அசல் தபசி அதே பாறையில் நிற்கிறார். எங்கள் டிவி கேமுக்குப் பக்கத்தில் அசல் இல்லை. அதனால் எங்களுக்கு அதுவே அசல்.